பத்திரத்தில் எழுதும் விலையும் நில எடுப்பு இழப்பீடும்: ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டில் ஓர் ஊருக்குப் புறவழிச்சாலை வருகிறது, சிப்காட் வருகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், டீக்கடையில் இரண்டு கருத்துகள் உடனே வந்துவிடும். "அரசாங்கம் நினைத்தால் எடுத்துக்கொள்ளும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது" என்பார் ஒருவர். "கவலைப்படாதீங்க, நாலு மடங்கு தருவாங்க" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதிதான் உண்மை. முதல் பேச்சை நம்புகிறவர் ஆட்சேபம் சொல்லும் கெடுவைத் தவறவிடுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் வராத பணத்தைக் கணக்குப் போட்டு வேறு இடத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

இழப்பீட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காகிதங்கள்தான்: பட்டா, பத்திரம், சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவு. அவற்றில் எழுதியிருப்பது எப்படிப் பணமாக மாறுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அரசுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் போகும் தண்ணீர்க் குழாய் ஒரு வீட்டுச் சமையலறைத் தரைக்கு அடியில் உடைந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் "என் தரையைத் தோண்டக் கூடாது" என்றால் கட்டடம் முழுக்கத் தண்ணீர் இல்லை. அதனால் அவர் மறுத்தாலும் தோண்டித்தான் ஆகவேண்டும். ஆனால் தோண்டுவதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும், வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தரையைப் பழையபடி போட்டுத் தரவேண்டும், அந்தச் செலவை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

நில எடுப்பு என்பதும் இதுதான். பொது நோக்கத்துக்காக, உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், இழப்பீடு கொடுத்து அரசு நிலத்தை எடுத்துக்கொள்வது. 1978இல் நடந்த 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரை சொத்துரிமை ஓர் அடிப்படை உரிமை. அதற்குப் பிறகு அது 300ஏ பிரிவுக்கு வந்தது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. அதாவது எடுக்கலாம், ஆனால் சட்டம் சொன்ன வழியில்தான் எடுக்கலாம். இந்தப் பிரிவுக்குள் முன்னறிவிப்பு பெறுவது, ஆட்சேபம் சொல்வது, நியாயமான இழப்பீடு பெறுவது போன்ற உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் விரித்துச் சொன்னது.

கிட்டத்தட்ட 120 ஆண்டுகளாக இந்த வழியைச் சொன்னது 1894ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் "சட்டம்" என்று சும்மா சொன்னால் அது இந்த 2013 சட்டம்தான்.

நிலத்தின் மேல் இரண்டு முத்திரைகள்

விலைக்குப் போகும் முன் நிலப் பயன்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரே நிலத்துக்கு இரண்டு தனித்தனி வகைப்பாடுகள் உண்டு. இதைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது வருவாய்த் துறையின் வகைப்பாடு: நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு. இது பட்டா, சிட்டா, 'ஏ' பதிவேட்டில் இருக்கும். இரண்டாவது திட்டமிடல் வகைப்பாடு: குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி. இதை சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மற்ற ஊர்களில் டி.டி.சி.பி.யும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) முழுமைத் திட்டம் என்ற வரைபடத்தில் குறிக்கின்றன. அதனால் பட்டாவில் புஞ்சை என்று இருக்கும் நிலம் முழுமைத் திட்டத்தில் தொழில் பகுதியாக இருக்கலாம். முதல் வகைப்பாடு பழைய பயிர்க்கணக்கின் தொடர்ச்சி. இரண்டாவது, அந்த நிலத்தில் இனிமேல் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது. வாங்குகிறவர் இரண்டையும் பார்த்துத்தான் விலை பேசுவார்.

முழுமைத் திட்டத்தில் உங்கள் இடத்தின் மேல் சாலைக்கு, பூங்காவுக்கு என்று ஒதுக்கீடு போட்டிருந்தால் அது இன்னும் நில எடுப்பு இல்லை. ஒதுக்கீடு வெறும் கோடு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 38ஆவது பிரிவின்படி, திட்ட அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுகளுக்குள் எடுப்பு அறிவிப்பும் வரவில்லை, பேசியும் வாங்கவில்லை என்றால் அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும். ஒதுக்கீட்டுக் கோட்டைக் காட்டி "இது போய்விட்ட நிலம்" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்களிடம் விற்றுவிடாதீர்கள்.

சுருக்கமாக: பட்டாவில் இருப்பது ஒரு வகைப்பாடு, முழுமைத் திட்டத்தில் இருப்பது இன்னொன்று. வரைபடத்தில் கோடு விழுந்ததாலேயே நிலம் கைமாறிவிடாது.

ஒரே நிலத்துக்கு மூன்று விலை

ஒன்று வழிகாட்டி மதிப்பு. பதிவுத்துறை ஒவ்வொரு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் நிர்ணயித்து வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு. முத்திரைத்தீர்வை வசூலிக்க உண்டானது இது. தமிழ்நாட்டில் 2017இல் இதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023இல் மறுபடி உயர்த்தினார்கள். இடையில் நிலத்தின் தரம் ஒன்றும் மாறிவிடவில்லை. அரசாணையால் ஏறி இறங்கும் எண் இது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது பத்திர விலை, அதாவது கிரயப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்த தொகை. மூன்றாவது உண்மையில் கைமாறிய பணம். பல இடங்களில் மூன்றாவது எண் பெரிது, முதல் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம் என்று வைத்தால், வாங்குகிறவர் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதிக்கொள்ளப் பார்க்கிறார். விற்பவருக்கும் வருமான வரி மிச்சம். மீதி ரொக்கம்.

இப்படிக் குறைத்து எழுதுவது சட்டப்படி தவறு. அதோடு, அந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் எல்லோருடைய எதிர்கால இழப்பீட்டையும் அது கீழே இழுக்கிறது. இழப்பீட்டுக் கணக்கில் மூன்றாவது விலைக்கு இடமே கிடையாது.

சந்தை மதிப்பு எப்படி வருகிறது?

சட்டத்தில் சந்தை மதிப்பு என்பது, நாலு பேர் சொல்லும் விலை இல்லை. 26ஆவது பிரிவு சொல்லும் கணக்கின் விடை. வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். பக்கத்தில் அதே வகை நிலம் விற்ற பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். தனியார் நிறுவனத்துக்கோ அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கோ எடுத்தால், சம்மதித்துப் பேசிய தொகையும் சேரும். இவற்றில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு.

சராசரி எடுப்பதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களை விலை வாரியாக அடுக்கி, மேல் பாதியை மட்டும் எடுத்துச் சராசரி போடவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் கற்பனை. ஒரு கிராமத்தில் மூன்று ஆண்டுகளில் எட்டு கிரயங்கள். சென்ட் ஒன்றுக்கு 25,000, 28,000, 30,000, 32,000, 40,000, 45,000, 50,000, 60,000 ரூபாய். எட்டுக்கும் சராசரி 38,750. மேல் பாதியான நாலு பத்திரங்களுக்கு மட்டும் சராசரி 48,750. வழிகாட்டி மதிப்பு 30,000 என்று வைத்தால், அதிகமானது 48,750. அதுவே சந்தை மதிப்பு.

இப்போது அதே ஊரில் எல்லோரும் வழிகாட்டி மதிப்பான 30,000த்துக்கே பத்திரம் எழுதியிருந்தால்? மேல் பாதியும் 30,000, கீழ்ப் பாதியும் 30,000. நிலம் உண்மையில் 90,000த்துக்குக் கைமாறியிருந்தாலும் கணக்கில் ஏறுவது 30,000தான்.

"அப்படியென்றால் திட்டம் வரும் செய்தி தெரிந்ததும் ஒரு பத்திரத்தைப் பெரிய விலைக்குப் போட்டுவிடலாமே" என்று சிலர் யோசிப்பார்கள். அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. உண்மையான நிலவரத்தைக் காட்டாத விலை என்று ஆட்சியர் கருதினால் அந்தப் பத்திரத்தை ஒதுக்கிவிடலாம்.

கிராமங்களில் இன்னொரு சிக்கல். அங்கே நிலம் பெரும்பாலும் தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை வழியாகத்தான் கைமாறுகிறது. கிரயப் பத்திரம் குறைவு. அப்போது வழிகாட்டி மதிப்பின் கை ஓங்கிவிடும். அதற்காகவே, ஒரு பகுதியில் நில எடுப்பைத் தொடங்கும் முன் அங்குள்ள நில மதிப்பை நடப்பு விலைக்கு ஏற்பத் திருத்த ஆட்சியர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே 26ஆவது பிரிவு சொல்கிறது. இதைச் செய்தார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்கிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் என் வருத்தம்.

சுருக்கமாக: சந்தை மதிப்பு என்பது பதிவான பத்திரங்களில் இருந்து வரும் எண். ரொக்கமாகக் கைமாறியது அதில் வராது.

'நாலு மடங்கு' எங்கே இருந்து வந்தது?

சந்தை மதிப்பு முதல் படிதான். அதற்கு மேல் மூன்று படிகள்.

முதலில் பெருக்குக் காரணி: சந்தை மதிப்பை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற எண். நகர்ப்புறத்தில் இது 1, அதாவது பெருக்கினாலும் மாறாது. கிராமப்புறத்தில் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை மாநில அரசு நிர்ணயிக்கும். அடுத்து நிலத்தின் மேல் உள்ள கிணறு, வீடு, தென்னை, நிற்கும் பயிர் இவற்றின் மதிப்பைக் கூட்ட வேண்டும். வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு நூறு சதவீதம் ஆறுதல் தொகை சேரும். விருப்பமில்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்ததற்காகத் தரும் தொகை அது.

காரணி 2 என்றால் 1 × 2 = 2, ஆறுதல் தொகையோடு 4. அந்த நாலு மடங்கு இதுதான். காரணி 1.25 என்றால் இரண்டரை மடங்கு. நகரத்தில் இரண்டு மடங்கு. ஆக, நாலு மடங்கு என்பது உச்சவரம்பு. அதுவும் சந்தை மதிப்பில் நாலு மடங்குதானே தவிர, ஊரில் பேசும் விலையில் இல்லை.

மேலே பார்த்த கிராமத்துக்கே வருவோம். ஒரு ஏக்கர், அதாவது நூறு சென்ட். மரமும் கிணறும் இல்லை, காரணி 1.25 என்று வைப்போம். சென்ட் 48,750 என்றால் சந்தை மதிப்பு 48.75 லட்சம், இழப்பீடு சுமார் 1 கோடியே 21.87 லட்சம். பத்திரங்கள் எல்லாம் 30,000 என்றால் சந்தை மதிப்பு 30 லட்சம், இழப்பீடு 75 லட்சம். ஒரு ஏக்கருக்கு 46 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அக்கம்பக்கத்தார் பத்திரச் செலவில் மிச்சம் பிடித்தது இந்தப் பக்கம் இப்படி வந்து நிற்கிறது.

இதற்கும் மேல், சமூகத் தாக்க ஆய்வு அறிவிப்பு வந்த நாளிலிருந்து தீர்வாணை அல்லது சுவாதீனம் (நிலத்தை அரசு தன் கைக்கு எடுத்துக்கொள்வது), எது முந்தியோ அதுவரை, சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைக்கும். தீர்வாணை என்பது இழப்பீடு இவ்வளவு என்று முடிவாகச் சொல்லும் உத்தரவு. 'அவார்டு' என்று சொல்வார்களே, அதுதான்.

நோட்டீஸ் வந்தால் என்ன நடக்கும்?

முழு நடைமுறையில் முதல் படி சமூகத் தாக்க ஆய்வு. இந்தத் திட்டம் உண்மையில் தேவையா, இவ்வளவு நிலம் வேண்டுமா, யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று பார்ப்பது. பொது விசாரணையும் உண்டு. தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம், அரசு-தனியார் கூட்டுத் திட்டம் என்றால் 70 சதவீதம் முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும். அரசே தனக்காக எடுத்தால் இந்தச் சம்மதம் தேவையில்லை.

பிறகு 11ஆவது பிரிவின்கீழ் முதற்கட்ட அறிவிப்பு. அரசிதழில், இரண்டு நாளிதழ்களில், ஊராட்சியில் வரும். சந்தை மதிப்பைக் கணக்கிடும் தேதி இதுதான். இந்த நாளிலிருந்து எடுப்பு முடியும்வரை அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். நேரில் கேட்கவும் உரிமை உண்டு.

ஆட்சேபம் எழுதும்போது "என் நிலத்தைத் தரமாட்டேன்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சட்டம் கேட்பது வேறு: பொது நோக்கம் சரியா, இந்த இடம் பொருத்தமா, இவ்வளவு பரப்பு வேண்டுமா, ஆய்வு அறிக்கையில் பிழை உண்டா. புல வரைபடத்தை வைத்துக்கொண்டு "பக்கத்தில் இத்தனை ஏக்கர் புறம்போக்கு இருக்கிறது, அதை ஏன் எடுக்கவில்லை" என்று சர்வே எண்ணோடு கேட்கும் ஒரு பக்க ஆட்சேபத்துக்கு இருக்கும் பலம் வேறு. வருடத்தில் இரண்டு மூன்று போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதையும் எழுதலாம்.

ஆட்சேபங்களைக் கேட்ட பிறகு 19ஆவது பிரிவின்கீழ் உறுதி அறிவிப்பு, அப்புறம் விசாரணை, தீர்வாணை. உறுதி அறிவிப்பு வந்த 12 மாதங்களுக்குள் தீர்வாணை வரவேண்டும்.

எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள்

எல்லா நோட்டீஸும் 2013 சட்டத்தின்கீழ் வருவதில்லை. தேசிய நெடுஞ்சாலைக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஆட்சேபத்துக்கு 21 நாள்தான். 60 நாள் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தால் கெடு தாண்டிவிடும். சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைக்கான அறிவிப்பு அந்தச் சட்டத்தில்தான் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அந்த நில எடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றியது.

தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டங்களும் இருக்கின்றன. மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001 சட்டம், தொழில் நோக்கத்துக்கு 1997 சட்டம். பரந்தூர் விமான நிலையத்துக்கான எடுப்பு இந்த 1997 சட்டத்தின்கீழ் நடக்கிறது. இவற்றில் சமூகத் தாக்க ஆய்வு கட்டாயம் இல்லை. 2019இல் உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. தேவையா என்று முதலில் கேட்கும் படியையே தாண்டிவிடுவது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் இழப்பீட்டுக் கணக்குக்கு இங்கேயும் 2013 சட்டத்தின் அட்டவணைதான்.

எரிவாயுக் குழாய்க்கு வரும் நோட்டீஸ் இன்னும் வேறு. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுப்பார்கள். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் நடவோ முடியாது.

சுருக்கமாக: நோட்டீஸைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி. கெடு எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

பணம் வாங்கும்போது

தொகை போதாது என்று நினைத்தால் பணத்தை வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வாங்கலாம். இந்த ஒரு வரியை எழுதாமல் வாங்கினால், கூடுதல் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை போய்விடும் என்று 77ஆவது பிரிவு சொல்கிறது. நேரில் இருந்து தீர்வாணை பெற்றவருக்கு ஆறு வாரம் கெடு. அதற்குள் ஆட்சியரிடம் எழுதிக் கேட்டால் அவர் அதை நில எடுப்பு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆணையம் இல்லை, நடுவரிடம் போகவேண்டும்.

போகும்போது கையில் இருக்க வேண்டியது அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களின் நகல்கள். சர்வே எண் வாரியாக மூன்று ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டால் எந்தெந்தக் கிரயம், என்ன தொகை என்று தெரிந்துவிடும். அதிகாரிகள் கணக்கில் எடுக்காமல் விட்ட ஒரு நல்ல கிரயம் அதில் அகப்பட்டால் மேல் பாதிச் சராசரியே மாறும். பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால், பங்காளிகளுக்குள் தகராறு என்று தொகை ஆணையத்தில் போய்த் தங்கிவிடும். அதனால் திட்டம் வருகிறதோ இல்லையோ, வாரிசுப் பெயர் மாற்றத்தை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

2013 சட்டத்தின்கீழ் வரும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை.

நிலம் இல்லாதவர்களும் உண்டு

நில எடுப்பு என்றாலே பட்டாதாரர் மட்டும்தான் என்று பேசுகிறோம். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர், அதில் கூலி வேலை செய்கிறவர் ஆகியோரின் முதன்மை வாழ்வாதாரம் மூன்று ஆண்டுகளாக அந்த நிலமாக இருந்தால், அவர்களும் சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பம். வேலை, இல்லையென்றால் ஒரே தவணையாக 5 லட்சம் ரூபாய், இல்லையென்றால் 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற ஏற்பாடு அவர்களுக்கானது. இடம்பெயர்ந்தால் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய் தனி. ஆனால் வாய்மொழிக் குத்தகைக்குக் காகிதம் கிடையாதே. கிராமப் பயிர்க்கணக்கான அடங்கலில் பயிர் செய்கிறவர் பெயர் ஏறியிருந்தால் அது ஒரு சான்று. கணக்கெடுப்புக்கு ஆட்கள் வரும் நாளில் குத்தகைதாரரும் கூலிக்காரரும் ஊரில் இருந்து தங்கள் பெயரைச் சொல்லிப் பதியவைக்க வேண்டும். பட்டியலில் விடுபட்டவர்கள் பிறகு சேர்வது மிகவும் கடினம்.